கடைசிப் பந்திக்கு அப்புறம் ஒரு மாத்திரை

ஆனைமடையில் முட்டாள்கள் என்று யாரும் கிடையாது. இருந்த மூன்று பேரும் ஆவுடையப்பனிடம் வேலைக்குச் சேர்ந்துவிட்டார்கள்.

ஆவுடையப்பன் கல்யாணச் சமையல்காரர். அவர் சொதி வைத்தால் சண்டை போட வந்த மாப்பிள்ளை வீட்டார்கூட இன்னொரு கரண்டி வாங்கிக்கொண்டு, எதற்குச் சண்டைக்கு வந்தோம் என்பதை மறந்துவிடுவார்கள். அவரிடம் காய் வெட்டுகிறவன் கோமதிநாயகம். அடுப்பைப் பார்த்துக்கொள்கிறவன் சொரிமுத்து. பரிமாறுகிறவன் பலவேசம்.

இந்த மூன்று பேரையும் அவர் சும்மா வைத்துக்கொள்ளவில்லை. முன்னால் இருந்த கெட்டிக்கார ஆட்கள், "கொஞ்சம் பெருங்காயம் தூக்கலா இருக்கட்டுமே அண்ணாச்சி" என்று சொந்த மூளையைக் கலந்து சாம்பாரைக் கெடுத்திருந்தார்கள். இவர்களிடம் கலப்பதற்கு ஒன்றும் இல்லை. "சொன்னதைச் செய்யணும்லே. சொல்லாததை யோசிக்கவே கூடாது" என்பதுதான் சமையல் கொட்டகையான ஆக்குப்பறையில் அவருடைய சட்டம். அதில் முதல் பாதியை மூன்று பேரும் முக்கி முனகிக் கற்றுக்கொண்டார்கள். இரண்டாம் பாதி பிறவியிலேயே வந்திருந்தது.

அப்படிப்பட்ட ஆவுடையப்பனுக்கு இருமல் வந்தது. அடுப்புப் புகை என்று விட்டுவிட்டார். காய்ச்சல் வந்தது. அடுப்புச் சூடு என்று விட்டுவிட்டார். ஒரு கல்யாண வீட்டில் பாயசம் கிண்டும்போது மூச்சு வாங்கி, அண்டா விளிம்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே சாய்ந்தார்.

"அண்ணாச்சி பாயசத்தை மோந்து பாக்காக," என்றான் பலவேசம்.

"இவ்வளவு நேரமா?" என்றான் கோமதிநாயகம்.

"ஏலக்காய் கம்மி போல."

கல்யாணப் பெண்ணின் தாய்மாமன் வந்து பார்த்துக் கூச்சல் போட்ட பிறகுதான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

படம் எடுத்துப் பார்த்த டாக்டர் ஜெபராணி, நிமோனியா என்றார். ஊசி, ஆக்சிஜன் என்று வார்டில் சில நாள் வைத்திருந்து, மூச்சு சீரான பிறகு வீட்டுக்கு அனுப்பினார். ஆவுடையப்பனுக்கோ மனசெல்லாம் கோயம்புத்தூரில் இருந்தது. மகளுக்கு அங்கேதான் பிரசவம். மனைவி செண்பகவல்லி துணைக்குப் போயிருந்தாள். பேத்தி பிறந்துவிட்டாள். முதல் பேத்தி. போனில் காட்டினார்கள், சிவப்பாக, சுருங்கி, வதக்கிய தக்காளி மாதிரி அழகாக இருந்தாள்.

"இன்னிக்கே ரயில் ஏறட்டுமா டாக்டரம்மா?" என்றார்.

"ஏறுவீங்க, ஏறுவீங்க! மருந்தெல்லாம் முடியணும், நெஞ்சு சுத்தமாகணும், மறுபடி படம் எடுத்து நான் சரின்னு சொல்லணும். அது வரைக்கும் பச்சைப் பிள்ளை இருக்கிற திசையிலகூட இருமக் கூடாது. புரியுதா?"

டாக்டர் ஜெபராணி பேசினால் ரயில் போகிற மாதிரி இருக்கும். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் ஒரு 'புரியுதா' நிற்கும். மூன்று பேரையும் பக்கம் கூப்பிட்டார்.

"மாத்திரை மூணு வேளை, சாப்பாட்டுக்கு அப்புறம். ஒரு வேளைகூடத் தப்பக் கூடாது, நல்லாயிட்டுன்னு பாதியில நிறுத்தவும் கூடாது. புரியுதா? நான் சொல்ற வரைக்கும் கட்டிலை விட்டு இறங்கக் கூடாது. அதிகம் பேச விடாதீங்க, இருமல் கூடும். முதுகுல தட்டி விடணும், உள்ளங்கையைக் குழிச்சு, வடை தட்டுற மாதிரி மெதுவா. ஆவி பிடிக்கணும். இந்தக் கருவியில மூச்சை இழுத்தா பந்து மூணும் மேல வரணும். புரியுதா?"

கல்யாண வீட்டில் ஐட்டம் சொல்லும்போது கேட்பதுபோலவே கை கட்டிக் கேட்டார்கள். "புரியுது டாக்டரம்மா," என்றார்கள் ஒரே குரலில். கட்டிலில் கிடந்த ஆவுடையப்பன் போர்வையைத் தலை வரைக்கும் இழுத்து மூடிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்த மறுநாள் காலையில் மூன்று பேரும் மாத்திரையைத் தட்டில் வைத்துச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

"மாத்திரை சாப்பாட்டுக்கு அப்புறம்," என்றான் கோமதிநாயகம்.

"அண்ணாச்சி சாப்பாடு கடைசிப் பந்திக்கு அப்புறம்," என்றான் சொரிமுத்து.

அது உண்மை. கடைசிப் பந்தி எழுந்து இலை எடுக்காமல் ஆவுடையப்பன் வாயில் ஒரு பருக்கை வைத்ததில்லை. சமையல்காரன் முந்திச் சாப்பிட்டால் பந்திக்குச் சோறு தங்காது என்பது அவர் வைத்த வழக்கம். தன்னுடைய சொந்தக் கல்யாணத்திலேயே கடைசிப் பந்திக்கு அப்புறம்தான் சாப்பிட்டார். செண்பகவல்லி மாலையோடு தூங்கிப்போனாள்.

"அப்போ பந்தி எங்கே?" என்றான் பலவேசம்.

மூன்று பேரும் எழுந்துபோய் வாசலை எட்டிப் பார்த்தார்கள். ஒரு நாய் படுத்திருந்தது.

"பந்தி இல்லேன்னா கடைசிப் பந்தி இல்லே. கடைசிப் பந்தி இல்லேன்னா அண்ணாச்சிக்குச் சாப்பாடு இல்லே. சாப்பாடு இல்லேன்னா மாத்திரை இல்லே. மாத்திரை இல்லேன்னா..." கோமதிநாயகம் துண்டால் கண்ணைத் துடைத்தான்.

"அண்ணாச்சியே இல்லே!" என்று பலவேசம் முடித்துவைத்தான். மூன்று பேரும் கட்டிப்பிடித்து அழுதார்கள்.

"ஏலே, எனக்கு ரெண்டு இட்லி..." என்று ஆரம்பித்தார் ஆவுடையப்பன்.

"அய்யோ, அண்ணாச்சி பேசுதாக! பேச விடக் கூடாதுன்னு டாக்டரம்மா சொல்லிருக்காக!" என்றான் சொரிமுத்து.

"வாயைப் பொத்தினா மூச்சு முட்டுமே?" என்றான் பலவேசம்.

"அப்போ நம்ம காதைப் பொத்துவோம். கேக்க ஆள் இல்லேன்னா பேசின கணக்குல வராது," என்றான் கோமதிநாயகம்.

மூன்று பேரும் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு தெருவுக்குப் போய்ச் சாப்பிட ஆள் கூப்பிட்டார்கள். காதில் பஞ்சு இருந்ததால் கொஞ்சம் சத்தமாகவே கூப்பிட்டார்கள். பக்கத்துத் தெருவும் வந்துவிட்டது. அன்றிலிருந்து அண்ணாச்சி பக்கம் போகும்போதெல்லாம் பஞ்சு காதில் ஏறியது, விலகியதும் இறங்கியது.

சரக்கறையில் அடுத்த முகூர்த்தத்துக்கு இறக்கிய சாமான் அப்படியே இருந்தது. காலையில் இட்லி, பொங்கல், கேசரி. மத்தியானம் பருப்பு, சொதி, அவியல், அப்பளம், பாயசம். ராத்திரிக்கு இடியாப்பமும் குருமாவும். மூன்று வேளையும் பந்தி. வாசனை கட்டில் வரைக்கும் வந்து, ஆவுடையப்பன் மூக்கைத் தொட்டுவிட்டுத் திரும்பிப் போனது. கடைசி இலையை எடுத்த பிறகுதான் அவருக்கு ஆறிப்போன ஒரு கரண்டி வந்தது. அதற்கு அப்புறம் மாத்திரையும் வந்தது. அதில் மட்டும் குறையே இல்லை. ஒரு வேளைகூடத் தப்பவில்லை.

தெரு மொத்தமும் நோயாளியின் மேல் உயிரையே வைத்துவிட்டது. ரிட்டையர் ஆன கணக்கு வாத்தியார் தினமும் கையலம்பிய ஈரத்தோடு கட்டில் பக்கம் வந்து நிற்பார். "ஆவுடையப்பா, இன்னும் எத்தனை நாளைக்கு மருந்து? அப்படியா? அவசரமே இல்லப்பா. ஆற அமர, நிதானமா குணமாகு!"

இதற்கிடையில் கஷாயம் வந்து சேர்ந்தது. அதே ஆஸ்பத்திரியில் சித்த மருத்துவப் பிரிவில் இருந்த வைத்தியர் அருணகிரி, ஜெபராணி டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு, ஆடாதோடை, சுக்கு, திப்பிலி சேர்த்த பொடியை, ஆஸ்பத்திரிக்குப் போன மூன்று பேரிடமும் கொடுத்தார். அவருடைய பேச்சு மாட்டு வண்டி. "தம்பிகளா... அம்மா எழுதின மாத்திரைதான்... முக்கியம். அதை நிறுத்திட்டு... இதைக் குடுத்தீங்கன்னு தெரிஞ்சுது... கம்பை எடுத்துக்கிட்டு வீட்டுக்கே வருவேன். இது... துணைக்கு மட்டும்."

வீட்டுக்கு வந்ததும் ஆலோசனை நடந்தது.

"துணைக்குன்னா எப்படிலே?" என்றான் பலவேசம்.

"சோத்துக்குத் துணை கூட்டு. அப்போ மாத்திரை சோறு, கஷாயம் கூட்டு," என்றான் கோமதிநாயகம்.

"கூட்டுன்னா இலையில மேல் வரிசை. சோறு நடுவுல," என்றான் சொரிமுத்து.

ஆகவே ஆவுடையப்பனுக்கு முழு வாழை இலை போட்டு, தண்ணீர் தெளித்து, நட்டநடுவில் மாத்திரையை வைத்தார்கள். மேல் வரிசையில் ஊற்றிய கஷாயம் ஓடி அவர் வேட்டியில் இறங்கியது. பலவேசம் குனிந்து, பந்தியில் கேட்கிற அதே பணிவோடு, "மாத்திரை இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா?" என்று கேட்டான்.

ஆவுடையப்பன் பேசிப் பயனில்லை என்று சைகையில் இறங்கினார். அது இன்னும் ஆபத்தாகப் போயிற்று. ஆக்குப்பறை இரைச்சலில் வாய்ப்பேச்சு கேட்காது என்று அவரே இவர்களுக்குச் சைகை கற்றுக்கொடுத்திருந்தார். விரல்களைக் குவித்து வாயருகே கொண்டுபோனார். 'பசிக்குதுலே' என்று அர்த்தம். ஆக்குப்பறையில் அதற்கு 'ருசி பார்' என்று அர்த்தம். சொரிமுத்து உடனே கஷாயத்தை ஒரு வாய் உறிஞ்சினான். அவன் முகம் போன போக்கைப் பார்த்து ஆவுடையப்பன் தலையில் அடித்துக்கொண்டார். ஆக்குப்பறையில் தலையில் அடித்துக்கொண்டால், 'தாளிக்க மறந்துட்டியேலே' என்று அர்த்தம்.

கடுகு வெடித்தது. கறிவேப்பிலை விழுந்தது. இரண்டு தக்காளியும் உள்ளே போயின. மத்தியானப் பந்தியில் அதை ரசம் என்று பரிமாறினார்கள். போஸ்ட்மேன் இரண்டு கை குவித்து வாங்கிக் குடித்துவிட்டு, "அடடா, தொண்டைக்கு என்ன இதமா இருக்கு! அண்ணாச்சிக்கும் ஒரு டம்ளர் குடுங்கய்யா," என்றார். கொடுப்பதற்குப் பாத்திரத்தில் ஒன்றும் இல்லை. சித்த வைத்தியர் சொன்ன கம்பு ஞாபகம் வரவே, ஆவுடையப்பனுக்கு மட்டும் தாளிக்காமல் தனியாக ஒரு தடவை காய்ச்சிக் கொடுத்தார்கள்.

சாயங்காலம் முதுகு தட்டும் வேலை கோமதிநாயகத்துக்கு. டாக்டரம்மா வடை என்று சொல்லிவிட்டதால், கையை ஈரமாக்கிக்கொண்டு, உள்ளங்கையைக் குழித்து, பதமாக, வட்டமாகத் தட்டினான். ஆவுடையப்பனுக்கு நெஞ்சில் இருந்த சளி கொஞ்சம் அசைந்துகொடுத்தது. பரவாயில்லையே, இவனுக்கு இது ஒன்றாவது வருகிறதே என்று கண்ணை மூடினார். மூடின கண் தெறித்துத் திறந்தது. கோமதிநாயகம் முதுகின் நட்டநடுவில் கட்டை விரலை வைத்து ஒரே குத்து குத்தியிருந்தான்.

"ஆஆ! ஏன்லே குத்துன, படுபாவி?"

இவன் காதில் மட்டும் பஞ்சு நழுவியிருந்தது. "நடுவுல ஓட்டை போடலேன்னா உள்ள வேகாதுன்னு நீங்கதானே அண்ணாச்சி சொல்லிக் குடுத்திய?"

ஆவி பிடிக்கிற கதை அதைவிட மோசம். ஒரு சின்னச் சட்டியில் வெந்நீர் வைத்து, போர்வையை மூடிக்கொண்டு குனிந்தால் போதும். ஆனால் ஆவி என்றால் சொரிமுத்துவுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். கல்யாணத்துக்கு இட்லி அவிக்கிற கொப்பரையைக் கட்டில் பக்கம் உருட்டிக்கொண்டு வந்து நிறுத்தினான். அறை முழுக்க ஆவி. ஆள் முகம் தெரியவில்லை. போர்வைக்குள் ஆவுடையப்பன் வியர்த்துக் கொட்டிக்கொண்டு, 'போதும்லே' என்று சொல்ல வாயைத் திறந்தபோது, போர்வையை ஒரு ஓரமாகத் தூக்கிக்கொண்டு ஒரு ஈர்க்குச்சி உள்ளே வந்தது. விலாவில் ஒரு குத்து. குச்சி வெளியே போயிற்று.

"ஒட்டுதா?" என்று கத்திக் கேட்டான் பலவேசம்.

"ஒட்டலே," என்றான் சொரிமுத்து, குச்சியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபடி. "அண்ணாச்சி வெந்துட்டாக. இறக்கிரலாம்."

மூன்று பந்து விஷயம் மட்டும் சுமுகமாக முடிந்தது. ஆவுடையப்பன் இழுத்தால் ஒரு பந்து எழும்பும், இரண்டாவது சோம்பல் முறிக்கும், மூன்றாவது அசையாது. 'மூணும் மேல வரணும்' என்பது டாக்டரம்மா உத்தரவு. யார் இழுக்க வேண்டும் என்று அவர் சொல்லவில்லை என்பதைக் கோமதிநாயகம் கண்டுபிடித்தான். அன்றிலிருந்து ஆவுடையப்பன் இழுத்து முடித்ததும், பலவேசம் கருவியை வாங்கித் துடைத்து ஒரே இழுப்பில் மூன்று பந்தையும் உச்சிக்கு ஏற்றிவிடுவான். பலவேசத்தின் நுரையீரல் நாளுக்கு நாள் அபாரமாகத் தேறிக்கொண்டு வந்தது.

மாத்திரை முடிந்தது. காதில் அடைக்கிற பஞ்சும் தீர்ந்தது. மறுபடி படம் எடுத்துப் பார்க்கிற நாளும் வந்தது. காலையிலேயே சவரம் பண்ணிக்கொண்டு, புதுச் சட்டை போட்டு, கட்டிலில் உட்கார்ந்திருந்தார் ஆவுடையப்பன். வாசலில் ஆட்டோ நின்றது.

"இறங்கக் கூடாது!" மூன்று பேரும் பாய்ந்து பிடித்தார்கள். "டாக்டரம்மா சொல்ற வரைக்கும் கட்டிலை விட்டு இறங்கக் கூடாது."

"ஏலே, இறங்கலாம்னு அவுக சொல்லணும்னா நான் அங்க போகணும்லா?"

"ஆமா."

"போகணும்னா இறங்கணும்லா?"

சிக்கலான கேள்விதான். ஆனால் சொரிமுத்துவுக்குப் பதில் உடனே வந்துவிட்டது. கட்டில் ஆட்டோவுக்குள் போகாது. ஆனால் தோளில் போகும்.

முன்னால் இரண்டு பேர், பின்னால் பலவேசமும் ஆட்டோ டிரைவரும். பலவேசத்துக்குத்தான் இப்போது மூச்சு நன்றாக இருந்ததே, சுமந்துகொண்டே ஓடினான். வெயில் படாமல் இருக்கட்டும் என்று அண்ணாச்சி மேல் வெள்ளை வேட்டியை முகம் வரைக்கும் மூடியிருந்தார்கள். கடைத்தெருவில் திரும்பியதும் ஒருத்தர் செருப்பைக் கழற்றினார். டீக்கடை ரேடியோ நின்றது. பந்தியில் சாப்பிட்ட அத்தனை பேரும் பின்னால் சேர்ந்துகொண்டார்கள். "போயிட்டியே ராசா! இனி யாருலே எங்களுக்குப் பாயசம் ஊத்துவா!" என்று ஒரு பெண் குரல் ஆரம்பிக்க, பூக்கடைக்காரர் ஒரு கை ரோஜாவை அள்ளி வீசினார். ஒரு இதழ் மூக்கில் போனது. ஆவுடையப்பன் தும்மிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார்.

"உசுரோடதாம்லே இருக்கேன், மூதிகளா!"

பூக்கடைக்காரர் மயங்கி விழுந்தார். கூட்டத்தின் பின்பாதி வந்த வழியே ஓடியது. முன்பாதி கும்பிட்டது. கணக்கு வாத்தியார் மட்டும் பதறாமல், "அப்போ மத்தியானப் பந்தி உண்டுதானே?" என்றார்.

டாக்டர் ஜெபராணி வாசலுக்கே வந்துவிட்டார். கட்டிலைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். மூன்று பேரையும் பார்த்தார். முதல்முறையாக அவருடைய ரயில் நின்றுபோயிருந்தது.

படம் எடுத்தாயிற்று. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஆவுடையப்பன் மூச்சைப் பிடித்துக்கொண்டார். இந்த ஒரு வார்த்தைக்காகத்தானே அவர் வடையாகவும் இட்லியாகவும் இருந்துவிட்டு வந்திருக்கிறார்.

"நெஞ்சு சுத்தமா இருக்கு," என்றார் டாக்டர். "மாத்திரையை ஒழுங்கா முடிச்சிருக்கீங்க, அதான். பேத்தியைப் போய்ப் பாருங்க."

ஆவுடையப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. வெளியே கணக்கு வாத்தியாருக்கும் கலங்கியது. தெருக்காரர்கள் சார்பில் அவர் உள்ளே வந்து, "அம்மா, எதுக்கும் இன்னும் ஒரு மண்டலத்துக்கு மாத்திரை எழுதிக் குடுத்துட்டா எங்களுக்கும் ஒரு தெம்பா இருக்கும்," என்றார். டாக்டர் அவரை வெளியே அனுப்பிவிட்டு மூன்று பேர் பக்கம் திரும்பினார்.

"இனிமே நடக்கலாம், பேசலாம், பசிச்சா சாப்பிடலாம். ஒண்ணே ஒண்ணு. கொஞ்ச நாளைக்கு இவரை எதையும் தூக்க விடாதீங்க. இவர் தூக்குற பாரத்தை எல்லாம் நீங்க மூணு பேரும் தூக்குங்க. புரியுதா?"

"புரியுது டாக்டரம்மா!"

கோயம்புத்தூருக்குத் தனியாகப் போகத்தான் ஆவுடையப்பன் பார்த்தார். பையைத் தூக்கக் கூடாது என்று மூன்று பேரும் ரயிலில் கூடவே ஏறிக்கொண்டார்கள்.

மகள் வீட்டில் அவர் சோப்புப் போட்டு முழங்கை வரைக்கும் கழுவினார். துடைத்தார். இன்னொரு தடவை கழுவினார். செண்பகவல்லி பிள்ளையை ஏந்திக்கொண்டு வந்தாள். நல்ல தூக்கத்தில் இருந்தாள் பேத்தி. வாயை மட்டும் சப்புக்கொட்டிக்கொண்டிருந்தாள். ஆவுடையப்பன் இரண்டு கையையும் நீட்டினார்.

"நில்லுங்க மதினி!" என்றான் கோமதிநாயகம். "பிள்ளை எத்தனை கிலோ?"

"மூணேகால். ஏன்லே?"

"அண்ணாச்சி பாரம் தூக்கக் கூடாது."

"பச்சைப் பிள்ளை ஒரு பாரமாலே?" என்றாள் செண்பகவல்லி.

மூன்று பேரும் ஒதுங்கிப்போய் யோசித்தார்கள். "பாரம்னு சொன்னா பிள்ளைக்குக் கண்ணு பட்டிரும்," என்றான் பலவேசம். "பாரம் இல்லேன்னு சொன்னா, பிள்ளை நோஞ்சான்னு மதினி கோவிச்சுக்கிடுவாக," என்றான் கோமதிநாயகம். சொரிமுத்துதான் வழி கண்டுபிடித்தான். அண்ணாச்சி பிள்ளையைத் தூக்கட்டும். அண்ணாச்சியை இவர்கள் தூக்கிவிட்டால் பாரம் மொத்தமும் இவர்கள் கணக்கில் வந்துவிடும். அண்ணாச்சி கணக்கில் ஒன்றும் இருக்காது.

செண்பகவல்லி பிள்ளையை அவர் கையில் வைத்த அதே நொடியில் ஆவுடையப்பனின் கால் தரையை விட்டு எழும்பியது. சொரிமுத்து ஒரு தொடையை, பலவேசம் இன்னொரு தொடையை, கோமதிநாயகம் இடுப்பை. மின்விசிறிக்கு ஒரு சாண் கீழே, கையில் பேத்தியோடு, சப்பரத்தில் எழுந்தருளிய சாமி மாதிரி இருந்தார் அவர். திட்டத்தான் வாயைத் திறந்தார். குனிந்து பேத்தி முகத்தைப் பார்த்ததும் திட்டு வரவில்லை; ஈ என்று இளித்தார்.

"ஏலே, பிள்ளை நல்லா உறங்குது!" என்று செண்பகவல்லி பதறினாள். "அவ தானா முழிக்கிற வரைக்கும் யாரும் அசையக் கூடாது, ஆமா!"

"சரி மதினி," என்றார்கள் மூன்று பேரும்.

காப்பி வந்தது, ஆறியது. மாப்பிள்ளை ஆபீஸுக்குப் போகும்போது பார்த்தார். சாயங்காலம் திரும்பி வந்தும் பார்த்தார். பேத்தி நல்ல தூக்கக்காரி.